நீக்கிய புள்ளி

நாள் 604 · 07:00
செவ்வாய் ஆய்வு நிலையம். பதிபவர்: செண்பகவல்லி, வேதிப்பொறியியல் பேராசிரியர். இங்கே சமையல், துப்புரவு, நிர்வாகம் எல்லாம் நானே. உலை சீராக ஓடுகிறது. நான் விடும் மூச்சை வாங்கி ஆக்சிஜனாகத் திருப்பித் தருவது அதன் வேலை. செயல்திறன் 99.1 சதவீதம். கழிவு: பூஜ்யம். வடிவமைப்பு என்னுடையது. பேராசிரியர் பதவி, இரண்டு விருது, ஒரு பாடநூல் எல்லாம் இதன் புண்ணியம்.

நாள் 606 · 07:00
97.4. அளவியைத் துடைத்தேன். மறுபடியும் 97.4.

நாள் 607 · 15:20
93. உள்ளிருக்கும் வினையூக்கித் தூள் செத்துக்கொண்டிருக்கிறது. என் ஆய்வுக் கட்டுரைப்படி அது பத்து வருடம் உழைக்க வேண்டும். மாற்றுத் தூள் கையில் இல்லை. வீண் சுமை என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்தவளும் நான்தான். பூமியிலிருக்கும் என் பழைய மாணவன் ஜெபசீலனுக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 608 · 11:05
அவன் பதில், அப்படியே:
"மேடம், இந்தத் தூளுக்கு நாம பண்ணின ஒன்பதாவது சோதனை ஞாபகம் இருக்கா? எட்டுத் தடவை கிராஃப்ல கோடு நேரா போச்சு. ஒன்பதாவது மட்டும் சடசடன்னு இறங்குச்சு. நான் வால்வை மூட மறந்துட்டேன்னு சொன்னீங்க. மூடித்தான் இருந்துச்சு மேடம். இறங்க ஆரம்பிச்ச ஒன்பதாம் நாள் மொத்தமா நின்னு போச்சு. அந்த நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

ஞாபகம் இருக்கிறது. கட்டுரை அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. ஒற்றைப் புள்ளி கோட்டின் அழகைக் கெடுத்தது. 'இயக்கியவர் தவறு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீக்கினேன். அவன் தலையாட்டினான். முனைவர் பட்டத்துக்கு என் கையெழுத்து வேண்டுமே, வேறென்ன செய்வான்? வெட்கமாக இருக்கிறது.

நாள் 610 · 09:40
71. உலை நின்றால் சிலிண்டரில் இருப்பது இரண்டு நாளுக்கு. மீட்புக் கப்பல் வர ஏழு மாதம். என் கதை முடிந்தது, அது போகட்டும். இதே உலையோடு ஆறு பேர் இன்னும் மூன்று நாளில் பூமியிலிருந்து புறப்படுகிறார்கள். பயணத்தை நிறுத்துங்கள் என்று பூமியிலிருக்கும் ஆய்வுக் குழுவிடம் கெஞ்சி, எல்லா அளவுகளையும் அனுப்பிவிட்டேன்.

நாள் 612 · 16:15
44. ஆய்வுக் குழுவின் பதில்:
"தரவு கிடைத்தது. ஒரே ஒரு உலையின் அளவு. முந்தைய எட்டு சோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. இயக்கியவர் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். பயணத் தேதியில் மாற்றமில்லை."

குழுத் தலைவர் என் பாடநூலைப் படித்துத் தேறியவர். பொருந்தாத புள்ளியை என்ன செய்வது என்பது ஏழாம் அத்தியாயம். சிரிப்பு வந்தது. மூச்சு வீணாகுமே என்று அடக்கிக்கொண்டேன்.

நாள் 614 · 10:00
0. ஒன்பதாம் நாள். சிலிண்டரைத் திறந்துவிட்டேன். ஜெபசீலன்:
"மேடம், நோட்டை எடுத்துட்டு குழுகிட்ட நேர்லயே போனேன். 'உங்க மேடமே கையெழுத்துப் போட்டு அடிச்சிருக்காங்களே'ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. கப்பல் நேத்தே கிளம்பிருச்சு மேடம். மன்னிச்சிருங்க."

அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்?

நாள் 616 · நேரம் சரியாகத் தெரியவில்லை
சிலிண்டர் முள் சிவப்பில். தலை வெடிக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஜெபா, நோட்டை எடு. இதையும் எழுதிக்கொள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கையால் தொட்டும் பார்த்தேன். வால்வு மூடித்தான் இரு