ஏழு டன் பீரங்கியும் என் லீவும்

அன்பு மகள் அகிலாவுக்கு,

புஜைரா துறைமுகத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற அந்தப் பொடிசும் சுகமாக இருக்க நம் அய்யனார் துணை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், மீதிக் கதையை யார் சொல்வது? அதனால் எழுதி, நாளை ஊருக்கு வரும் மணிமாறனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வளைகாப்புக்கு லீவு கேட்டபோது, கப்பலில் ஒரு சாமான் வருகிறது, அதை அலுங்காமல் இறக்கிக் கொடுத்தால் லீவு என்று இன்ஜினீயர் ராஜீவ் சொன்னார் இல்லையா, அது என்ன தெரியுமா, பீரங்கி. முதல் உலகப்போரில் சுட்டு, இரண்டாவதிலும் சுட்டதாம். யாரோ ஒரு அரபி தன் மியூசியத்துக்கு வாங்கியிருக்கிறார். குழல் மட்டும் இருபத்து மூன்று அடி, ஏழு டன். ஒரு குண்டு அரை மூட்டை நெல் கனமாம், அது ஏழெட்டு மைல் தாண்டிப் போய் விழுமாம். வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே சுருள் சுருளாகக் கோடு ஓடுகிறது. இருபத்தாறு வருஷமாகக் கிரேனில் பாரம் கட்டுகிறேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

அந்த ஆர்வத்தில்தான் புத்தி தடுமாறியது. இங்கே தினமும் எண்ணெய்க் குழாய் தூக்கிப் பழகிய கை, இதையும் குழாய் என்றே நினைத்து நட்ட நடுவில் பெல்ட் போட்டுவிட்டேன். பீரங்கி குழாய் இல்லையே, மருந்து வெடிக்கிற பின்பக்கத்தில் இரும்பு தடி தடியாக இருக்கும், வாய்ப்பக்கம் மெலிசு. ஒரு சாண் தூக்கியதும் பின்பக்கம் மடமடவென்று சரிந்தது, அங்கே கயிறு பிடித்து நின்றவன் நம் பக்கத்து ஊர்க் கார்மேகம். விசில் ஊதினேன், கிரேன்காரன் இறக்கிவிட்டான். கார்மேகத்தின் பூட்ஸுக்கும் இரும்புக்கும் நாலு விரல் இடைவெளி. நூறு வருஷம் கழித்தும் அது ஒரு ஆளைச் சாய்க்கப் பார்த்தது அகிலா. காற்று என்று சிலர் சாக்குச் சொன்னார்கள். காற்று இல்லை, நான் கட்டியது தப்பு என்று ராஜீவிடம் நானே சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, வைரவா நீ ஓரமாகப் போய் உட்கார், வேறு ஆள் கட்டட்டும் என்றார். வளைகாப்பு போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது கார்மேகம், கால் தப்பிய அதே கார்மேகம், கயிற்றைக் கீழே போடாமல், "வைரவண்ணன் கட்டினாத்தான் சார் நான் பிடிப்பேன், தப்பை ஒத்துக்கிட்ட ஆளு மறுபடி தப்பா கட்டமாட்டாரு" என்றான். ராஜீவ், யல்லா, நடக்கட்டும் என்று கையை ஆட்டினார். பெல்ட்டைப் பின்னால் ஓரடி தள்ளிக் கட்டித் தூக்கினேன், சரிந்தது, இறக்கினேன். இன்னும் ஓரடி, இன்னும் அரையடி, ஒவ்வொரு தடவையும் சாக்பீஸில் ஒரு கோடு. நாலாவது தடவை அது தராசுத் தண்டு போல மட்டமாக எழும்பியது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள், பாகிஸ்தான்காரக் கிரேன் டிரைவர் ஹாரன் அடித்தான், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லாரியில் அலுங்காமல் உட்கார வைத்தோம்.

சாயந்திரம் ராஜீவ் கூப்பிட்டு லீவு ஃபாரத்தை நீட்டினார். நாற்பது நாள். வெள்ளிக்கிழமை மதுரையில் இறங்குகிறேன். உன் அம்மாவிடம் பீரங்கி தூக்கியதை மட்டும் சொல், சரிந்ததை நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன். கார்மேகம் உனக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்திருக்கிறான், அதை முதலில் போட்டுக்கொள்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்காதே. நீயும் இப்போது ஒரு பக்கம் கனத்த ஆள்தான், படியில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கு. வளைகாப்பு முடிந்து உன்னை நம் வீட்டுக்கு அழைத்து வர, கீழ்ப்படியில் நான் நிற்பேன்.

தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
வைரவன்