மெழுகுவர்த்தி அல்ல

27 டிசம்பர் 1958, சனி

மெழுகுவர்த்தியை எரியவிட்டுவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டேனாம். பாலக்கரை முழுக்க இதே பேச்சு. தவறு. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் நான் மெழுகுவர்த்தியே ஏற்றவில்லை. பண்டிகைக்கு வாங்கிய ஆறும் அடுக்களை அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. யாராவது வந்து பார்த்தார்களா?

நடந்தது இவ்வளவுதான். நாங்கள் கோவிலில் இருந்தபோது கூடத்துக் குடில் எரிந்தது. வைக்கோல், மலைக்காகக் கசக்கி ஒட்டிய காகிதம், மேசை, ஜன்னல் திரை எல்லாம் போயின. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பூசைக்கு வராமலிருந்த பக்கத்து வீட்டு இருதயமேரி புகையைப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டாள். கதவை உடைத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். கூடத்தின் சுவரெல்லாம் இப்போது அடுப்பின் உட்புறம் மாதிரி இருக்கிறது.

நேற்று மதராஸிலிருந்து என் மகன் அமலதாஸ் வந்தான். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாசலில் இருதயமேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "அம்மாவுக்கு ஞாபகம் தப்புதுங்க. இனிமே தனியா விடக் கூடாது. பொங்கல் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

இன்று காலை ரயிலில் திரும்பிவிட்டான். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஞாபகம் தப்பவில்லை. காதும் மந்தமாகவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் மூன்று பேர் என் கையைப் பிடித்துப் பரிதாபப்பட்டார்கள். மூன்று பேரிடமிருந்தும் கையை இழுத்துக்கொண்டேன்.

30 டிசம்பர், செவ்வாய்

இருதயமேரி உதவி செய்கிறேன் என்று சுவரில் ஒரு வாளித் தண்ணீர் அடித்தாள். கரி முழுவதும் மை போல வழிந்து சுவருக்குள் இறங்கிவிட்டது. நல்ல பெண்தான், ஆனால் சொல்வதற்குள் செய்துவிடுகிறாள். புகைக்கரிக்கு முதலில் தண்ணீர் காட்டவே கூடாது. நான் படித்த கான்வென்டில் படுக்கையறை விளக்கு புகைந்த அன்று மதர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது. மேலிருந்து கீழாக, காய்ந்த துணியால், அழுத்தாமல். படங்களுக்கு முந்தின நாள் ரொட்டியின் உள்பாகம். அழுக்கானதும் அந்த இடத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் புதுப் பக்கத்தால் ஒற்ற வேண்டும்.

என் வீட்டுக்காரருடைய போட்டோவுக்கு மட்டும் நாலு ரொட்டி ஆயிற்று. மீசை தெரிகிறது. கண் இன்னும் தெரியவில்லை.

ராத்திரி இருமினால் கைக்குட்டையில் கறுப்பு. பரவாயில்லை.

2 ஜனவரி 1959, வெள்ளி

வெள்ளையடிக்கும் பிச்சமுத்து நான் இல்லாத நேரத்தில் கரியின் மேலேயே சுண்ணாம்பு பூசிவிட்டான். விடிந்து பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. "ரெண்டாவது பூச்சுல அடங்கிடும்மா" என்றான். அடங்காது. சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு அப்புறம் பூசு என்றேன். "எரிஞ்ச வீட்டுல இருந்துக்கிட்டு இந்த அம்மா அதிகாரத்தைப் பாரு" என்று ஏணிக்குச் சொல்வது போல் சொன்னான். ஆனால் சுரண்டினான்.

அவன் சுரண்டும்போது நான் கொல்லையில் உட்கார்ந்து, ஆட்கள் வாரிப் போட்ட சாம்பல் சாக்கைச் சலித்தேன். எதனால் எரிந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

குடிலுக்குள் வெளிச்சத்துக்கு மாட்டிய பல்பு கிடைத்தது. உடையவில்லை. கண்ணாடி மேல் காகிதக் கரி அடையாக ஒட்டியிருக்கிறது. கழுத்தில் ஒரு கம்பி வளையம்.

அந்தக் கம்பி, சிவப்புக் காற்றாடித் தாளைப் பல்போடு இறுக்கிக் கட்டியது. கட்டியவன் என் கொழுந்தன் மகன் பிலோமின்ராஜ். கட்டச் சொன்னது —

நான்தான். வெறும் பல்பு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, சிவப்பாக்கு என்றேன். வாசல் நட்சத்திரத்துக்குள் வருஷா வருஷம் பல்பு எரிகிறது, தாளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று நினைத்தேன். நட்சத்திரத்தில் தாள் பல்பைத் தொடாது. குடிலில் தொட்டது. இதைக்கூட யோசிக்கவில்லையா நான்?

5 ஜனவரி, திங்கள்

பிலோமின்ராஜை வரச் சொல்லிப் பல்பை அவன் முன் வைத்தேன். அவன் ஒயர்மேன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"போகும்போது அணைச்சிடலாம்னு நான் சொன்னேன் பெரியம்மா."

சொன்னான். பூசை முடிந்து வருகிறவர்கள் வந்ததும் குடிலைப் பார்க்க வேண்டும், எரியட்டும் என்றேன். பாலன் இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைக்க வரும்போது இருட்டாக இருக்கக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். என் வழக்கம்.

"அமலதாஸ் அண்ணன்கிட்ட சொன்னா எங்க ஆபீஸ் வரைக்கும் போகும். லைசென்ஸ் போயிடும். மெழுகுவர்த்தின்னே இருந்துட்டுப் போகட்டுமே. வயசானவங்களை யாரு கேள்வி கேட்கப் போறா?"

"கேள்விதான் கேட்கலையே. பெட்டி கட்டச் சொல்றாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

6 ஜனவரி, செவ்வாய். மூவரசர் திருநாள்

சுண்ணாம்பு சுவரில் பிடித்துவிட்டது. மஞ்சள் இல்லை.

வாயை மூடிக்கொண்டால் பிலோமின்ராஜ் தப்பிப்பான், நான் ஞாபகம் கெட்டவளாக மதராஸ் போக வேண்டும். அவனை மட்டும் சொன்னால் நான் தப்பிப்பேன். இரண்டும் பொய். அதிகாரம் செய்தேன், தவறாகச் செய்தேன். அதற்குப் பெயர் மறதி இல்லையே. செய்யாத குற்றத்துக்குப் போகமாட்டேன். செய்த குற்றத்தை ஒளிக்கவும் மாட்டேன்.

8 ஜனவரி, வியாழன்

அமலதாஸுக்கு எழுதியதை இங்கே படியெடுத்துவைக்கிறேன்.

"மெழுகுவர்த்தி அல்ல. பல்பின் மேல் தாள் சுற்றச் சொன்னவள் நான். அணைக்க வேண்டாம் என்றவளும் நான். பிலோமின்ராஜ் என் பேச்சைக் கேட்டான், அவ்வளவே. இது நம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இனிக் குடிலில் பல்பைத் தாள் தொடாது. வீட்டில் ஆள் இல்லாதபோது எந்த விளக்கும் எரியாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கும். கூடம் சுத்தமாகிவிட்டது, வந்து பார். தவறு செய்தவளைத் திட்டலாம், திட்டு. மறந்துபோனவள் என்று சொல்லாதே. நான் இந்த வீட்டில்தான் இருப்பேன்."

தபாலில் சேர்க்குமுன் பிலோமின்ராஜிடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கினான். என் கையெழுத்துக்குக் கீழே, 'கட்டியது நான். அது தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதிப் பெயரைப் போட்டான். பெயருக்குக் கீழே 'ஒயர்மேன்' என்றும் சேர்த்தான். நான் கேட்கவில்லை.

அதற்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில் நான் எழுதியது:

"உன் முடிவை இருதயமேரியிடம் சொல்லியனுப்பாதே. பொங்கலுக்குள் உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு."