சல்லடையில் பட்ட விரல்

ஆய்வுக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அலமாரியைக் காலி செய்தபோது உன் பித்தளைச் சல்லடை கிடைத்தது. விளிம்பில் நீ எண் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் உரியவில்லை. நீ இறந்துபோய் ஒரு மாதம்தான் ஆகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் இருவருக்கும் கல்லை அரைத்துச் சலிப்பதுதான் வேலை. சிறுகோள் ஒன்றுக்குப் போகும் விண்கலத்தில் வைக்க வெளிநாட்டில் ஓர் அகச்சிவப்புக் கருவி செய்கிறார்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புமாம். அங்கே இருப்பது என்ன கல் என்று தெரிய, பூமியின் கற்பொடிகளை முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அது சம்பளம் தரும் வேலை. உனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நாம் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் அதே பேச்சுதான். தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் தடவும் என்னை மட்டும் பொடிப் பக்கம் விடமாட்டாய்.

"டேய் எண்ணெய்ச் சட்டி, தள்ளி நில்லு லா. கொஞ்சம் பட்டாலும் மெஷின் காட்டிக் குடுத்துரும்."

அன்று நீ தபால் நிலையம் போயிருந்தாய். சல்லடையில் பொடி அடைத்துக்கொண்டு நின்றது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று விரலால் தேய்த்துத் தள்ளினேன். கையுறை போடவில்லை. சற்று முன்புதான் தலை வாரியிருந்தேன்.

பொடிகளை அனுப்பி மூன்று மாதம் கழித்து, கருவி செய்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பொடியில் எண்ணெய் தெரிகிறதாம். இனி எதையும் நம்ப முடியாது என்று அத்தனை பொடியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொடிக்குப் பொறுப்பு நீ. விரிவுரையாளரிடம் போகும் முன் என்னிடம் வந்தாய்.

"நீ தொட்டியாடா?"

எனக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. இல்லை என்றேன். நீ மறுபடி கேட்கவே இல்லை.

உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஷிப்டு வேலைக்குப் போனாய். தீபாவளிக்குத் தீபாவளி என் வீட்டுக்கு வந்தாய். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான் நினைப்பேன். நீ என் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பாய், நானும் பலகாரத் தட்டை நீட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். கோழை நான், வேறென்ன.

விண்கலம் கிளம்பிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு உனக்கு ஃபோன் செய்தேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்றாய்.

உன் காரியத்தன்று உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கடைசி வரைக்கும் தன் கை மேலதான் சந்தேகம், அண்ணே. புள்ளையத் தூக்குறதுன்னாலும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தூக்குவாரு. தோலெல்லாம் உரிஞ்சு போயிருக்கும்."

உன் கை சுத்தமாகத்தான் இருந்தது என்று அவளிடமாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.