ஏழு மணிக்கு வாசிக்க வேண்டிய நாலு வரி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா வெளியே போயிருக்கிறாள், வந்ததும் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். உன் அறை ஜன்னலை மாற்றியாகிவிட்டது, இனி மழை உள்ளே வராது.

நம் ஊர் டிவி சேனல் தொடங்கிய கதை உனக்குத் தெரியும். பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை, பின்னால் திரைக்குப் பதில் அம்மாவின் நீலப் படுக்கை விரிப்பு, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நம் கேமராக்காரர், கேபிள் இழுத்துக்கொண்டிருந்த முதலாளி, செய்தி எழுதவும் வாசிக்கவும் நான். இரண்டாம் வருஷம் ஒரு தையல்காரர் இறந்துவிட்டதாக நான் வாசிக்க, மறுநாள் அவரே மூச்சு வாங்க மாடியேறி வந்து, "நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். அன்று நான் எழுதிய விதிகள்தான் இன்றும் சுவரில் இருக்கின்றன. இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாமல் எதையும் வாசிக்கக் கூடாது. தப்பு நடந்தால், செய்தவரே அதே நேரத்துச் செய்தியில் முகம் காட்டித் திருத்தம் வாசிக்க வேண்டும். திருட்டுச் செய்தியில் வேறு யார் வீட்டையோ காட்டிவிட்ட கேமராக்காரரைக்கூட நான் விடவில்லை. பாவம், தலையைக் குனிந்தபடியே வாசித்தார். நான் எதிரே நின்று, "நிமிர்ந்து பாருங்க" என்று அதட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன சனிக்கிழமை குழாய் உடைந்து தண்ணீர் மஞ்சளாக வந்தது. குடிக்கலாமா என்று ஊரே கேட்டது. செவ்வாய் மாலை குடிநீர் இன்ஜினியர் போனில், "டெஸ்ட் பண்ணியாச்சு சார், தாராளமா குடிக்கலாம்" என்றார். பரிசோதனைக் கூடத்து அம்மாவை இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செய்திக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. நான் போட்ட விதிதானே, ஒரு நாள் நானே தளர்த்தினால் என்ன என்று தோன்றிவிட்டது. குடிக்கலாம் என்று வாசித்தேன், அதுவும் சிரித்த முகத்தோடு. நேற்றுவரை பதினொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். அதில் ஒன்று கீழ்வீட்டு டீச்சரின் மகள், என்னை டிவி தாத்தா என்று கூப்பிடுமே, அந்த வாயாடி. நேற்று மாற்றுத்துணி எடுக்க வந்த டீச்சர் படிக்கட்டில் நின்று, "மூணு நாளா கடைத் தண்ணிதான் சார் குடுத்தேன். நீங்க சொன்னப்புறம்தான் குழாயத் திறந்தேன்" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. குழந்தைக்குச் சிறுநீர் இன்னும் சரியாகப் பிரியவில்லை, இரண்டு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர்.

பிள்ளைகள் வெளியில் எதையோ தின்றிருக்கிறார்கள் என்கிறது குடிநீர் ஆபீஸ். ஆனால் பரிசோதனை முடிவே புதன்கிழமைதான் வந்தது, குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. இன்ஜினியர் அதைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார். பரிசோதனைக் கூடத்து அம்மா சற்று முன்புதான் நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆக, இந்த முறை இரண்டு பேர். கேட்டதும் உன் அம்மா முட்டி வலியோடு வீடு வீடாகப் போய்க் குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் போன் பண்ணினாள், அழுகிறாள். எல்லா வீட்டிலும், "உங்க வீட்டுக்காரரே டிவியில நல்ல தண்ணின்னு சொன்னாரேம்மா" என்கிறார்களாம்.

இப்போது மணி ஐந்தரை. திருத்தம் எழுதிவிட்டேன், நாலே வரி. முதலாளியோ, "ஆபீஸ் சொன்னதச் சொன்னோம்னு கீழ ஒரு வரி ஓட விட்டுடலாம். நீங்க மூஞ்சி காட்டினா ஸ்டேஷனையே இழுத்து மூடிருவாங்க" என்கிறார். காலையிலிருந்து யாரோ இரண்டு பேர், இன்ஜினியரின் ஆட்களோ என்னவோ, எதிரே பைக்கை நிறுத்தி நம் பால்கனியையே பார்க்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், அவள் எனக்கு முன்பே திரைச்சீலையை இழுத்துவிட்டிருக்கிறாள். அவர்களைப் பார்த்தால் பயம்தான். ஆனால் அந்த ஒரு வரியே போதுமே என்று என் மனசு ஆசைப்படுகிறது பார், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டிலும் நம் டிவிதான் ஓடுகிறது. டீச்சர் பார்ப்பார்.

ஏழு மணிவரை போன் பண்ணாதே. வேண்டாம்ப்பா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவேன், என் தைரியம் அவ்வளவுதான். ஏழு மணிக்கு நெட்டில் பார். நான் தலையைக் குனிந்தால் நிமிர்ந்து பாருங்க என்று அதட்டும்படி கேமராக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நோய் நொடி அண்டாமல் இருவரும் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நல்ல தண்ணீர் என்று யார் சொன்னாலும் சரி, அப்பாவே சொன்னாலும் சரி.

உன் அப்பா