கிரகணத்துக்கு எல்லை போட்ட கதை

மதுரை
31.12.2019

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி தமிழ்வாணியும் மீனாட்சி புண்ணியத்தில் சௌக்கியம், அந்த டென்மார்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்துகிறார், அதனால்தான் கடிதம். காளவாசலில் இருக்கிற உன் சிநேகிதன் ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறானாம், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கிரகணத்தைப் பற்றி அப்பா உனக்கு வாட்ஸப்பில் படமெல்லாம் போட்டு ஒரு அறிக்கை அனுப்பியிருப்பாரே, அதை அப்படியே நம்பிவிடாதே. நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன்.

வளைகாப்பு முடிந்து தங்கச்சியைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவந்த நாளிலிருந்து அவளுக்குக் கிரகணத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற வாய் சும்மா இருக்குமா. இந்தத் தடவை நிலா சூரியனை முழுக்க மறைக்காதாம், நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் ஒரு வளையத்தை மிச்சம் விடுமாம். அந்த வளையம் தெரிகிற பாதை திண்டுக்கல், திருச்சி என்று அகலமாகப் போகிறதாம், அதன் தெற்கு ஓரம் மதுரையை உரசிக்கொண்டு போகிறதாம். ஓரத்துக்கு உள்ளே நின்றால் முழு வளையம், வெளியே நின்றால் உடைந்த வளையல். அந்த ஓரக்கோடு நம்ம தெருவிலேயே விழுகிறது என்று அவள் போனில் மேப்பை விரித்துக் காட்டினாள் பார், வினை அங்கேதான் ஆரம்பம். ஆயுசெல்லாம் சர்வேயர் வேலை பார்த்த மனுசருக்கு ஒரு கோடு கண்ணில் பட்டுவிட்டால் அதைத் தரையில் இறக்காமல் தூக்கம் வருமா? நிலாவின் விளிம்பில் மலையும் பள்ளமும் இருக்குப்பா, அதனால ஒரு மேப் இங்கேங்கும், இன்னொண்ணு நாலு தெரு தள்ளிங்கும், இது உத்தேசம்தான் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். உத்தேசம்ங்கிற வார்த்தையே எங்க டிபார்ட்மெண்ட்ல கிடையாது என்று இவர் எகிறினார். மூன்று மேப் பார்த்தார். அதில் நம்ம வீட்டை உள்ளே வைத்து எதிர்வீட்டுப் பேயாண்டியை வெளியே தள்ளுகிற மேப் எதுவோ அதுதான் துல்லியம் என்று முடிவு பண்ணினார். சாக்கடைத் தகராறுக்குப் பிறகு அந்த மனுசனுக்கு ஒரு வளையம்கூடத் தெரியக்கூடாது என்கிற நல்ல எண்ணம். மார்கழி மாதம் என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த கோலமாவை எடுத்துப் போய், டேப்பைப் பிடித்து, தெருவின் நடுவே நீளவாக்கில் பளிச்சென்று ஒரு கோடு போட்டுவிட்டார். என் பூசணிப்பூக் கோலத்தின் வயிற்றிலேயே ஏறிப் போனது அந்தக் கோடு.

அதோடு விட்டதா? கோட்டுக்கு வடக்கே கிரகணம், தெற்கே கிரகணம் இல்லை என்று தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே வடக்குச் சிறகு வரிசை வீட்டுக்காரர்கள் இட்லி மாவுப் பாத்திரம், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார்கள். கிரகணம் ரெண்டு பக்கமும் உண்டு, வளையம் மூடுதா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம் என்று உங்க அப்பா நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். நீங்கதான சார் எல்லை போட்டீங்க, இப்ப நீங்களே மாத்திப் பேசுனா எப்படி என்று கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பேயாண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாங்க வாங்க எம்புட்டு ஜாடி வேணும்னாலும் வைங்க என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாரையும் வரவேற்றான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் செல்லூரிலிருந்து சம்பந்தியம்மா ராமக்காள் வந்து இறங்கினார்கள், கையில் அவர்கள் தறியில் நெய்த போர்வைகள் ஒரு கட்டு. மருமகளைக் கிரகணம் முடிகிற வரைக்கும் இருட்டு அறையில் வைத்துக் காவல் காக்கத்தான் வந்தார்கள். கோட்டுச் சமாச்சாரம் காதில் விழுந்ததும், அப்ப எதுக்கு மதினி பிள்ளைத்தாச்சிய வடக்க வச்சுக்கிட்டு இருக்கீங்க, உடனே தெற்க கொண்டு போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிவிட்டேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால் தங்கச்சிக்குக் கலைந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயம் அவர்களுக்கு மட்டுமா இருக்கிறது, எனக்கும்தான் இருக்கிறது தம்பி, நான் அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதனால் தங்கச்சியைப் பார்த்துத் தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் பாருங்கள் பாருங்கள் என்று மாதக்கணக்கில் தூண்டிவிட்டவள், தான் மட்டும் பார்க்கக்கூடாது என்றால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தலையாட்டச் சொன்னேன்.

பேயாண்டியிடம் போய் இடம் கேட்கிற பொறுப்பு உங்க அப்பா தலையில் விழுந்தது. இத்தனை வருசமாகப் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனுசர், மாப்ள என்று இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனதைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். பேயாண்டி அதற்கு மேல், பாப்பா நம்ம வீட்டுப் பிள்ளண்ணே, எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்கங்க என்றான். உன் தங்கச்சி எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல அறையெல்லாம் வேண்டாம், பின்னாடி வைக்கோல் போடுகிற தகரக் கொட்டகைதான் அத்தை ரொம்ப இருட்டு, அதுதான் பாதுகாப்பு என்றாள். இவ்வளவு நல்ல மருமகளா என்று ராமக்காளுக்குப் பூரிப்பு. எனக்கு அப்போதே சந்தேகம்தான், சின்ன வயதிலிருந்து ஒரு பேச்சுக்கு உடனே சரி சொன்னவளா அவள்?

காலையில் மேகம் விலகி வெயில் வந்ததும் நாங்கள் மூன்று பேரும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். சன்னல், கதவு இடுக்கு ஒன்று விடாமல் ராமக்காள் போர்வையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பழைய தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் இருந்தன, அவை வழியாகப் பொட்டுப் பொட்டாக வெயில் வைக்கோல் மேலும் தங்கச்சி சேலை மேலும் விழுந்துகொண்டிருந்தது, யார் அதைக் கவனித்தார்கள்? கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு பொட்டையும் யாரோ கடித்த மாதிரி இருக்கிறது. எல்லாம் பிறையாகிவிட்டது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனை உள்ளே அனுப்புகிறதாம், அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவு சுத்தமாகத் தெரியுமாம், இதை அந்தக் கள்ளி ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. ராமக்காள் ஐயோ என்று பாய்ந்து, மருமகள் வயிற்றின் மேல் ஒரு பிறையும் விழாதபடி முந்தானையை ரெண்டு கையாலும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார்கள். நானும் இன்னொரு பக்கம் போய்ச் சேலையை விரித்துக்கொண்டு நின்றேன், எதற்கு என்று கேட்காதே. பிறையெல்லாம் மெலிந்து மெலிந்து, முனையோடு முனை நெருங்கி, அப்படியே மூடிக்கொண்டது. ராமக்காள் முந்தானையில், தோளில், நரைத்த தலையில் எல்லாம் பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற வளையல் அளவில் வளையங்கள், வெயில் சாய்ந்து விழுந்ததால் கொஞ்சம் நீட்டம், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் நூல். அத்தை அசையாதீங்க என்று தங்கச்சி கத்தினாள். அப்புறம், அம்மா வளையம் மூடிருச்சும்மா, அப்பா கோடு தப்பும்மா என்று சிரித்தாள் பார், அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. ராமக்காள் விரித்த கையை இறக்காமல் தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது சுடவே இல்லையேத்தா என்றார்கள்.

உங்க அப்பா கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே நின்றவர்தான். தெற்கிலும் வளையம் தெரிந்ததை நேரில் பார்த்த பிறகும், கோடு சரிதான், நிலாதான் லேசா விலகிருச்சு என்கிறார். உனக்கு அனுப்பிய அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கும். பேயாண்டி தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் வீட்டுக் கொட்டகையில எம்புட்டு சூரியன் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கிரகணம் விட்டு, தலைமுழுகி, சாப்பிட உட்கார்ந்தபோது ராமக்காள் ரசத்தை ஊற்றிக்கொண்டே அடுத்த வளையம் எப்ப வரும் என்று கேட்டார்கள். மதுரைப் பக்கமே திரும்ப வருது அத்தை, இரண்டாயிரத்து முப்பத்தொன்றில், வைகாசி மாதம் என்றாள் தங்கச்சி. அவர்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, அப்ப பிள்ளைக்குப் பதினோரு வயசு முடிஞ்சிருக்கும், பள்ளிக்கூடமும் லீவுதான், நானே கூட்டியாந்து காட்டுறேன் என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார்கள். தம்பி, இந்த ஏழு மாதத்தில் ரெண்டு வீட்டிலும் ஒருத்தராவது அந்தப் பிள்ளை பிறக்கும், வளரும் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, சொன்னால் என்ன ஆகிவிடுமோ என்று பேரைக்கூட யோசிக்கவில்லை. தங்கச்சி இலையில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் அப்பளம் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நேற்று பரணிலிருந்து தொட்டிலை இறக்கித் துடைத்தாயிற்று. உத்திரத்தில் கொக்கி எங்கே அடிப்பது என்று உங்க அப்பா டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார், உத்தேசமாக அடியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாசிக்குப் பிறகு லீவு போட்டு வர முடியுமா என்று பார், இப்போதே கேட்டு வை. அந்த ஊரில் வெயில் அடிக்கிற அன்றைக்கு ஒரு நாளும் அறைக்குள் அடைந்து கிடக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்க அழகர் துணை நிற்கட்டும். பருப்புப் பொடியில் ஈரக் கரண்டி போடக்கூடாது, மறந்துவிடாதே.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா முத்துமீனா