கடைமடை ஊரின் வாசல் கல்

என் உயிர் மச்சான் ஜபருல்லாவுக்கு,

ஸலாம்டா. முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாம் ஜெயித்துவிட்டோம். ஊர் நம்மிடமே இருக்கிறது. வாசல் கல்லில் உன் பேர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளிகூட நகரவில்லை.

கூட நின்று இதைப் படிக்கிறவர்கள் ஏதோ பஞ்சாயத்துத் தேர்தல் என்று நினைப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். இருந்தவரைக்கும் என்னைப் பொறுத்தவன்தானே நீ.

எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் நீ ஷார்ஜாவுக்குப் போனாய், நான் வயலுக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, ஒரத்தநாடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தாய். ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துத் தரப்படும் என்று போர்டு போட்டாய். நான் உன்னைப் பார்க்க வரவில்லை. என் நிலத்துக்குச் சிட்டா எடுக்கத்தான் வந்தேன். அதை நீ கடைசிவரை சொல்லிக் காட்டினாய்.

என் ஒரு மா நிலத்தின் கதை ஊருக்கே தெரியும். அப்பா காலத்திலிருந்து நாங்கள் உழுகிற நிலம். எந்தக் காலத்திலோ கணக்கை மாற்றி எழுதியபோது பட்டா பங்காளி பேருக்குப் போய்விட்டது. அதைத் திருப்ப நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை, ஜமாபந்தியில் கொடுக்காத மனு இல்லை. ஆட்சி மாறினால் நடக்கும் என்றார்கள். இரண்டு தடவை மாறியது, சுவரில் சின்னம்தான் மாறியது.

அன்றைக்கு உன் கடையில் சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவேன் என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாய்.

"மச்சான், உடைக்கிறதுன்னா இதுல வந்து உடை. இங்க எவனை அடிச்சாலும் கேஸ் கிடையாது."

அப்படித்தான் ஐம்பத்தி ரெண்டு வயதில் நான் கேம் ஆட ஆரம்பித்தேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, இப்போது எனக்கு என்ன வந்தது?

நீ சொல்லிக்கொடுத்த முறை எனக்கு இன்னும் மனப்பாடம். இது தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. காடு, மலை, கோட்டை, பேய், பூதம் என்று ஒரு நாடு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுகிறார்கள். நமக்கென்று ஓர் ஆளை உண்டாக்கி, அவனுக்குப் பேர் வைத்து, உள்ளே அனுப்ப வேண்டும். நான் மீசைக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். "கல்யாணத்துக்கா கிளம்புற?" என்று கேட்டாய்.

அப்புறம் தொழில். வாள்காரன், வில்காரன், மந்திரவாதி, மருத்துவன், நாலில் ஒன்று. நான் வாளைத் தொட்டேன், நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"உன் கோபத்துக்கு வாளைக் கொடுத்தா நாடு தாங்காது. மருத்துவனா இரு. அடிபட்டவனைக் காப்பாத்து, அதுல கொஞ்சமாச்சும் பொறுமை வரும்."

சிவப்புக் கோடு உயிர், நீலக் கோடு சக்தி. ஒவ்வொரு தடவை வைத்தியம் பார்க்கும்போதும் நீலம் குறையும், நீலம் தீர்ந்தால் மருத்துவன் வெறும் ஆள். இவ்வளவுதான் பாடம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்தக் கோயில் விஷயத்தை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே, அதையும் எழுதிவிடுகிறேன். இடிந்த கோயில் ஒன்று, உள்ளே பாம்பு ராஜா. நீ முன்னால் போய்விட்டாய். நான் வாசலில் நின்று, என் ஆளின் காலில் இருந்த இரும்புச் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கோயிலாச்சே! உள்ளே தரையெல்லாம் விஷ முள். நாலு அடி வைப்பதற்குள் செத்தேன். என்ன நடந்தது என்று தேடிப்பார்த்து விஷயம் தெரிந்ததும் நீ நாற்காலியிலிருந்தே விழுந்துவிட்டாய். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாய்: "நானும் மொத தடவை கழட்டிட்டுத்தான்டா போனேன்."

ஷார்ஜாவில் உன்னோடு ஒரே அறையில் இருந்த பிஜுவைச் சேர்த்தாய், மலையாளத்து மலை, கேடயம் தாங்கி முன்னால் நிற்பவன். கால்நடைக் கல்லூரியில் படிக்கிற கயல்விழியைச் சேர்த்தாய். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் ஆடுகிறாள். அதன் முதுகில் இருக்கிற தலைவர் படத்தின் மேல் ஒரு பசுமாட்டு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறாள். வில் அவளுடையது, குறி தப்பாது. நீ மந்திரவாதி, நான் மருத்துவன். நாலு பேர் சேர்ந்ததும் அந்த நாட்டில் நமக்கென்று ஓர் ஊர் கட்டிக்கொள்ள நிலம் கொடுத்தார்கள்.

நீ அதற்குக் கடைமடை என்று பேர் வைத்தாய். அங்கே நெல் விதை கிடையாது, கோதுமைதான், அதில் உனக்குத் தீராத வருத்தம். இருந்தாலும் வாய்க்கால் வெட்டினாய். வாசலில் கல் நட்டு, ஊரை உண்டாக்கியவன் பேரைத் தமிழிலேயே பொறித்தாய். தமிழ் எழுத்தை அது ஏற்றுக்கொண்ட அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தாய்.

ஆனி மாதம் விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து படுத்த நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். சந்தூக்குப் பெட்டியை நானும் தோளில் சுமந்தேன். சொல்லாமல் போய்விட்டாயேடா. ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

உன் மனைவி, தங்கச்சி மும்தாஜ், நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள், கடைச் சாவி என்னிடம் வந்தது. காலையில் வயல், மத்தியானத்துக்கு மேல் உன் கடை. பட்டா நகல் எடுக்க வருகிறவர்களிடம் "சர்வர் இல்லைங்க, கொஞ்சம் பொறுங்க" என்று நானே சொல்கிற நிலைமைக்கு வந்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

மார்கழியில் அந்த அறிவிப்பு வந்தது. ஊரை உண்டாக்கியவன் ஆறு மாதமாக உள்ளே வரவில்லை, ஆகவே இது ஆளில்லாத நிலம், யார் வேண்டுமானாலும் சவால் விடலாம். மறுநாளே கறுப்புக் கழுகு என்று ஒரு கூட்டம் சவால் விட்டது. அரை மணி நேரம் வாசல் கல்லைக் காக்க வேண்டும். எதிராளி கல்லைத் தொட்டுவிட்டால் ஊர் அவனுக்கு. உன் பேர் அழிந்து அவன் பேர் ஏறும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத நிலமாம்! நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன், ஆளில்லாத நிலமாம். ஒரு மா நிலத்தைக் காகிதத்தில் விட்டவன் நான், இதையும் விடவா? பக்கத்துக்கு நாலு பேர் வரை ஆடலாம். உன் இடத்துக்கு வேறு ஆள் போடலாம் என்று பிஜு சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. மூன்று பேரே ஆடுவோம் என்றேன். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பழகிப் பார்த்த ஆட்டத்தில் பத்து நிமிஷத்தில் தோற்றோம். முன்னால் நிற்கிற பிஜுவுக்கே நான் எல்லா வைத்தியத்தையும் கொட்டினேன். அந்த நேரத்தில் எதிராளி பின்னால் சுற்றி வந்து கயல்விழியை முடித்துவிட்டான், பார்த்தால் என் நீலக் கோடும் காலி. "அங்கிள், என்னையும் கொஞ்சம் பாருங்க அங்கிள்" என்று அந்தப் பெண் சொன்னது இரண்டு நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வயலில் நின்றபோதுதான் புத்தியில் உறைத்தது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு, வாய்க்காலில் முறை போட்டிருந்தோம். எங்கள் ஊர் முறை உனக்குத் தெரியும், வாய்க்காலின் கோடியில் இருக்கிற கடைமடை வயலுக்குத்தான் முதல் பாய்ச்சல். தலைமடைக்காரன் கடைசியில் பாய்ச்சிக்கொள்வான், அதுவரைக்கும் ஓடுகிற தண்ணீரின் கசிவே அவன் பயிரைத் தாங்கும். ஒருத்தனுக்கும் முழுசாகக் கிடையாது, ஒருத்தனுக்கும் இல்லாமலும் போகாது. மண்வெட்டியோடு வரப்பில் நின்று "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வயல்காரர் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்குச் சண்டை. அன்றைக்குத்தான் தங்கச்சி இத்தாவுக்குப் பிறகு முதல் தடவையாகக் கடைக்கு வந்திருந்தாள். கடையை மூடிவிடலாமா என்று கேட்கத்தான் வந்தாள்.

"அண்ணே, எனக்கு இதெல்லாம் பாத்துக்கத் தெரியாது. யாருக்காச்சும் கொடுத்துடலாங்க."

"அரை மணி நேரம் பொறும்மா. அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

கழுகுகள் நாலு பேரும் நம்மைவிட எவ்வளவோ மேல்படி ஆட்கள். வந்ததும் பிஜுமேல் பாய்ந்தார்கள். கை துறுதுறுக்கிறது, ஆனாலும் நான் பிஜுவைப் பார்க்கவில்லை. முதல் முறை கயல்விழிக்கு, அடுத்தது எனக்கு, கடைசியில்தான் பிஜுவுக்கு. ஒவ்வொருவருக்கும் அளந்து ஒரு மடை. எங்களுக்குச் செய்கிற வைத்தியம் சுற்றிலும் வட்டமாகப் பரவும், அதில் கொஞ்சம் அவன் பக்கமும் கசிந்தது. "சேட்டா, நான் நிக்கும்! நீ குட்டியைப் பாரு!" என்று பிஜு கத்தினான். பின்னால் சுற்றி வந்த கழுகு, கயல்விழி சாவாள் என்று எண்ணி வந்தான். அவளோ சிவப்புக் கோடு நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றியில் ஓர் அம்பு, போய்ச் சேர்ந்தான்.

பாதியில் கரண்ட் போனது. பேட்டரி கீக்கீ என்று அலறுகிறது, அதற்கு வயதாகிவிட்டது உனக்கே தெரியும். "தங்கச்சி, எல்லாத்தையும் அணைம்மா!" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினைப் பிடுங்கினாள், ஃபேனை, லைட்டை, மற்ற கம்ப்யூட்டர்களை வரிசையாக அணைத்தாள். வியர்வை கண்ணில் இறங்க, என் ஒரு திரை மட்டும் ஓடியது. முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே, "என்னண்ணே ஆச்சு, நிக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நின்றோம் மச்சான்! கடைசி நிமிஷத்தில் அவர்கள் தலைவன் கல்லை நோக்கி ஓடி வந்தான். என்னிடம் வாளா இருக்கிறது? நடுவில் போய் நின்றுகொண்டேன். அவன் வெட்டுகிறான், நான் எனக்கே வைத்தியம் பார்க்கிறேன், வெட்டுகிறான், பார்க்கிறேன். அந்த நேரத்துக்கென்று என் நீலக் கோட்டில் மிச்சம் இருந்தது. மணி அடித்தது. கழுகு மண்ணைக் கவ்வியது.

நான் நாற்காலிமேல் ஏறி நின்று விசில் அடித்தேன். பக்கத்து டீக்கடையிலிருந்து ஓடி வந்து "பட்டா வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டார்கள். பட்டா வரவில்லை. மனு கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை கத்தாமல் கொடுத்தேன், அதிகாரிக்கே ஆச்சரியம்.

கூட்டம் கலைந்ததும் தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். கடையைப் பற்றிப் பேச்சே இல்லை. "எனக்கும் ஒரு ஆளை உண்டாக்கிக் கொடுங்கண்ணே, அவங்க கட்டுன ஊரைப் பாக்கணும்" என்றாள். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். சிவப்பு உயிர், நீலம் சக்தி, இந்த நாலு பொத்தானில் நடை. முதல் கால் மணி நேரம் சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் பாதையைப் பிடித்துக்கொண்டு, கோதுமை வயல் ஓரமாக, வாசல் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு தங்கச்சி?" என்று கேட்டேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் உன்னை 'அவங்க' என்றுதான் சொல்வாள். ரேஷன் கார்டுக்கு உன் பேரைக் கேட்டால்கூடப் பிள்ளைகளைத்தான் சொல்லச் சொல்வாள். திரையில் அந்த எழுத்துமேல் விரலை வைத்தாள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாக வாசித்தாள்.

"ஜபருல்லா."

வாசித்துவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

கடை மூடாது மச்சான். ஊரும் போகாது. என் கையில் விரல் அசைகிறவரை அந்தக் கல்லை இன்னொருத்தன் தொடமாட்டான். எனக்கப்புறம் தங்கச்சி இருக்கிறாள், இப்போதே அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் வாசலில் நிற்கும்,
மச்சான் தங்கராசு