பதினேழாம் நம்பர் வெல்டரின் கோப்பு

காஜுவாக்கா,
மே 11, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹைமாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், நீ விட்டுப்போன துளசிச் செடியும், அதை தினமும் மிதிக்கிற பக்கத்து வீட்டுப் பூனையும் நன்றாக இருக்கிறோம். சிம்மாசலம் அப்பன்னா சாமி தயவில் நீயும் அந்த மழை ஊரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நினைத்தால் போனில் கூப்பிடுகிறவள் எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், பாதிப் பேச்சில் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி. எதிர்வீட்டு அப்பலராஜு அண்ணன் மருமகள் புதன்கிழமை உன் ஊர்ப் பக்கம் வருகிறாள், அவள் பெட்டியில் உனக்கு ஒரு பாட்டில் ஆவக்காய், கொஞ்சம் மாடுகுலா ஊர் அல்வா, ஒரு பிரவுன் கவர். கவரை மடக்காமல் வாங்கிக்கொள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சங்கராந்திக்கு நீ அனுப்பினாயே, வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகுகிற அந்தப் பெரிதாக்கும் லென்ஸ், அதை அப்பா போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார் என்று நான்கு மாதமாக உன்னிடம் சொல்லிவந்தோம் இல்லையா, அது சுத்தப் பொய். வந்த அன்றைக்கே "எனக்கென்ன கிழவன்னு பட்டம் கட்டுறாளா உம் மக"ன்னு சொல்லி, ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "சூப்பரா இருக்கும்மா, எறும்பு நடக்கறதுகூட தெரியுது"ன்னு கூசாமல் சொன்னார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். செய்தித்தாளை அவர் கை நீட்டிப் பிடித்துப் படிப்பதை இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும்.

எங்கள் வெல்டிங் யார்டில் என்ன நடந்தது என்றால், பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் கொதிநீராவி போகிற பைப் வேலை. ஆர்டர் கொடுத்தவர்கள் ஒரே நிபந்தனைதான் வைத்தார்கள். ஜூன் ஒன்றாம் தேதிக்கு மேல், வெளி இன்ஸ்பெக்டர் முன்னால் டெஸ்ட் கொடுத்து, அதற்குக் காகிதம் உள்ள வெல்டர்தான் கம்பி மாட்டுகிற ஹோல்டரைத் தொடலாம். உனக்குத் தெரியும், கோப்பறையில் எனக்குப் பதினோரு வருஷம். நாற்பத்திரண்டு வெல்டர்களின் கோப்பு என் அலமாரியில் இருக்கிறது. எந்தத் தேதியில் டெஸ்ட், எந்தக் கம்பி, பைப் எவ்வளவு தடிப்பு, நிமிர்ந்து நின்றதா சாய்ந்து நின்றதா, யார் சாட்சி, எக்ஸ்ரே என்ன சொன்னது, எல்லாம் நான் எழுதி வைத்தது. ஆறு மாதம் ஒருவர் வெல்டிங்கைத் தொடாமல் விட்டால் பாஸ் செய்ததெல்லாம் காலாவதி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. அந்த நாற்பத்திரண்டில் ஆக மெலிந்த கோப்பு எது தெரியுமா, பதினேழாம் நம்பர் கர்ரி சன்யாசி ராவ், அதாவது என் வீட்டுக்காரர். உள்ளே ஒரே ஒரு தாள், அதில் ரத்த வகையும் ஷூ அளவும். முப்பத்தோரு வருஷமாக ஏணி, ஸ்டாண்டு, தொட்டிக்கால் என்று யாரும் காகிதம் கேட்காத வேலையாகவே பார்த்துக் காலத்தை ஓட்டிவிட்டார், டெஸ்ட் வரும்போதெல்லாம் ஒரு சாக்கு இருந்தது, முழங்கால், மாமன் மகன் கல்யாணம், எதுவுமில்லையென்றால் வயிற்றுவலி. இந்தத் தடவை சாக்கு செல்லாது என்று ஃபோர்மேன் காமேஸ்வர ராவ் சொல்லிவிட்டார். பாஸ் ஆகாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து மற்றவர்கள் வெல்டிங் செய்ததைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். உன் அப்பா அன்றைக்கு ராத்திரி எறாப்பொடி போட்ட கத்திரிக்காயைக்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

டெஸ்ட் போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இன்ஸ்பெக்டர் காக்கிநாடாவிலிருந்து வருகிற ஒரு பெண், மௌனிகா என்று பெயர், உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். ரயில் எங்கேயோ நின்றுவிட்டது என்று போன் வந்தது. அவள் வந்து, இரண்டு துண்டு பைப் சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பார்த்து, அதில் பதினேழாம் நம்பரைக் குத்தி, உள்வாயில் விழுகிற முதல் சுற்றான ரூட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும், இது யார்டில் டீ கொண்டுவருகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். பத்தரைக்கு அவள் ஷெட்டுக்குள் நுழைந்தபோது உன் அப்பா பைப்பை முழுசாக முடித்து, மேல் வரி வரைக்கும் போட்டு, துடைத்து, பளபளவென்று வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பைப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சித்தப்பா, வேலை அழகா இருக்கு. ஆனா நான் பாக்கலையே"ன்னு மரியாதைக்கு முறை வைத்துச் சொன்னாள். இவர் "சும்மா நிக்க முடியலம்மா, கை அரிச்சிச்சு"ன்னு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, யாரோ போனில் கூப்பிட வெளியே போனாள்.

ஃபாரம் என் முன்னால் இருந்தது, பேனா என் கையில் இருந்தது. 'ரூட் நேரில் பார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம். காமேஸ்வர ராவ் குனிந்து என் காதில், "அக்கா, ஒரு டிக்தானே. போட்டுருங்க. எல்லாத்தையும் சேத்து வச்சா அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டுட்டுப் போயிரும். அண்ணனுக்குத்தானே செய்றோம்"ன்னு சொன்னார். கெட்ட மனசில் சொல்லவில்லை, பாவம், உன் அப்பாவை அவருக்குப் பிடிக்கும். உன் அப்பா என்னைப் பார்த்தார். ஹைமா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் கை கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு பொய் டிக் போட்டதில்லை. ஆனால் மற்ற நாற்பத்தொரு பேரில் யாரும் என் புருஷன் இல்லையே. நாளைக்கு இவர் ஒட்டுகிற பைப் நீராவியைத் தாங்கிக்கொண்டு யார் தலைக்கு மேலே போகுமோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதோடு கையை எடுத்துவிட்டேன். அவள் திரும்பி வந்ததும் "ரூட் பாக்கலைங்க மேடம், கட்டம் காலியாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். காமேஸ்வர ராவ் தாங்க முடியாமல் "அவங்க வீட்டுக்காரர்தாங்க இவரு"ன்னு போட்டு உடைத்தார். அந்தப் பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "இந்த பைப் டெஸ்டே இல்ல, பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல. நாளைக்கு ஒம்போது மணிக்கு முன்னாடியே நான் வந்து நிப்பேன். புது பைப் குடுங்க. சித்தப்பா, கண்ணு டெஸ்டும் பாக்கணும், கண்ணாடி இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னாள்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் உன் அப்பா எனக்கு இரண்டு சீட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தும் நேரே திண்ணைக்குப் போய்விட்டார். கோபத்தில் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டு ஆவக்காய்க்கு மாங்காய் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து உட்கார்ந்து துணி எடுத்து ஒரு மாங்காயைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார், பிறகு சொன்னார். கை அரித்ததும் இல்லை ஒன்றும் இல்லையாம். "ரெண்டு பைப்புக்கும் நடுவுல இருக்கற சந்து எனக்குத் தெரியல ரத்னம். தனியா இருந்தா ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கலாம், விரல் வச்சித் தடவிப் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னா எப்படிச் செய்வேன்? அதான் அவ வர்றதுக்குள்ள முடிச்சேன்"ன்னு சொன்னார். முப்பத்தோரு வருஷம் வேலை தெரிந்த மனுஷன் கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இந்த இரண்டு வருஷச் சாக்கையெல்லாம் சொல்லியிருக்கிறார். திட்ட வாய் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு முதலில் மாங்காயைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பல்லியைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்த விரல்ல தழும்பு எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டார். அது நீ இன்டர்மீடியட் படிக்கும்போது அரிவாள்மனையில் வெட்டியது. எட்டு வருஷமாக அவர் பார்க்கவே இல்லை என்று நினைத்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மறுநாள் எட்டே முக்காலுக்கே மௌனிகா ஷெட்டில் நின்றாள். அப்பா மெடிக்கல் கடையில் வாங்கிய படிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் நீட்டிய அட்டையில் பொடி எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்தார், ஹெல்மெட்டுக்குள் உன் லென்ஸ். வெட்கத்தை விட்டு அவரே அதைக் கழற்றிக் காட்டினார், "எம் பொண்ணு அனுப்புனது, போட்டுக்கலாமா?"ன்னு கேட்டார். "தாராளமா போட்டுக்கங்க"ன்னு அவள் சொன்னாள். நம்பரைக் குத்தி, பைப்பைச் சாய்வாக நிறுத்தி, மூன்று மணி நேரம் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ரூட் முடிந்ததும் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள், எழுதினாள். எழுதினாள் என்றா சொன்னேன், அதுதான் விஷயம். ஃபாரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு "ஆன்ட்டி, இந்த ஒண்ண மட்டும் முழுசா நானே எழுதிடறேன். நாளைக்கு யாரும் பொண்டாட்டி எழுதிக் குடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது"ன்னு சொன்னாள். பெற்ற தாய் நன்றாக வளர்த்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவிலிருந்து புளிச்சக்கீரைக் கோங்குரா பச்சடி வைத்தேன், ஆனால் தொட மாட்டேன் என்றாள், எக்ஸ்ரே வந்த பிறகு சாப்பிடுகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே வந்தது. சுத்தம். ஒரு குறை இல்லை. காமேஸ்வர ராவ் ஜிலேபி வாங்கிவந்தார், மௌனிகாவுக்குக் கோங்குரா ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு மதியம் உன் அப்பா அந்தச் செவ்வாய்க்கிழமைப் பைப்பை எடுத்து ரம்பத்தில் இரண்டாக அறுத்துப் பார்த்திருக்கிறார். நேரே கோப்பறைக்கு வந்து ஒரு துண்டை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு ரூட் ஒரு பக்கம் ஒட்டவே இல்லை. வெளியே பளபளப்பு, உள்ளே வாய் திறந்து கிடக்கிறது. "நீ டிக் போட்டிருந்தா, எக்ஸ்ரேல மாட்டி எம் பேருல ஃபெயில்னு முதல் காகிதம் வந்திருக்கும்"ன்னு சொன்னார். பிறகு என் டம்ளரில் மிச்சமிருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். அந்தத் துண்டைத் தாள் பறக்காமல் இருக்க மேஜைமேலேயே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே கைக்கு வந்த தகுதிக் காகிதத்தில் நீ அனுப்பிய நீலச் சட்டையில் அவர் போட்டோ இருக்கிறது, முறைத்துக்கொண்டு. எல்லா நிலையிலும் வெல்டிங் செய்யத் தகுதி உள்ளவர் என்று எழுதி, கையெழுத்து, முத்திரை எல்லாம். இதை என்ன செய்யப் பார்த்தார் தெரியுமா, ஒரிஜினலைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டக் கடையில் கொடுத்துவிட்டார்! பின்பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து எங்கே போடுவதாம், பிளாஸ்டிக் மேலேயா? ஓடிப்போய் மிஷினுக்குள் போகும் முன் பிடுங்கி வந்தேன். நகல் எடுத்து அதற்கு உறை போட்டுக் கொடுத்தேன். இரண்டு நகல். ஒன்று நம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று உன் பிரவுன் கவரில்.

அதை ஏன் உனக்கு அனுப்பச் சொன்னார் என்றால், நீ காலேஜில் சேரும்போது ஃபாரத்தில் அப்பா தொழில் என்று ஒரு இடம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா. வெல்டர் என்று எழுதினேன், ஜன்னலில் இருந்த ஆள் அத்தாட்சி கேட்டான், இல்லை என்றதும் அந்த வார்த்தையை அடித்துவிட்டுக் கூலி என்று எழுதினான். நீ வெளியே வந்து "அப்பா வேலைக்குப் பேரே இல்லையாம்மா?"ன்னு கேட்டாய். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தார், உனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவர் அதைச் சொன்னதில்லை, வெள்ளிக்கிழமைதான் சொன்னார். "பாப்பாகிட்ட ஒரு காப்பி இருக்கட்டும். அங்க ஏதாவது ஃபாரத்துல கேட்டாங்கன்னா இருக்கட்டும்"ன்னு சொன்னார்.

ஹைமா, இந்த லென்ஸை அனுப்பிய உன் கைக்கு நான் என்ன செய்யப் போகிறேன். மௌனிகாவுக்கு நன்றி சொன்னேன், ரயிலைத் தாமதமாக்கிய ரயில்காரர்களுக்குக்கூட மனசுக்குள் சொல்லிவிட்டேன், உனக்குத்தான் சொல்ல வார்த்தை வரவில்லை. நூகாலம்மா சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், உனக்கு நல்ல இடம் அமையட்டும், உன் கையால் தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். ஆவக்காய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்காதே. இந்த லென்ஸில் ஒரு ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டது, அதே அளவில் இன்னொன்று கிடைத்தால் வரும்போது கொண்டுவா. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார், விடுகிறேன்.

உன் அம்மா,
கர்ரி நூகரத்னம்

ஹைமா, அம்மா எழுதியதில் பாதியைக் கழித்துக்கொள். வயிற்றுவலி நிஜமாகவே வந்தது. லென்ஸ் இப்போது தினமும் போடுகிறேன். என் பேச்சை நம்ப மாட்டாய், அம்மாவையே கேட்டுக்கொள். அவள் பார்க்காததற்கு டிக் போட மாட்டாள்.
அப்பா, வெல்டர்